பதினாலாவது கேள்விக்கு ஒரு லீவ் லெட்டர்

எங்கள் பள்ளியில் பருவத் தேர்வின் முதல் நாள் எப்போதும் இங்கிலீஷ்தான். யார் வைத்த வழக்கமோ தெரியாது. மற்ற டீச்சர்கள் கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் என் கையில் விடைத்தாள் கட்டு வந்து உட்கார்ந்துவிடும். திங்கட்கிழமை மணி அடித்ததும் தாள்களை வாங்கி, வெள்ளை நூலால் கட்டி, தலைமை ஆசிரியையின் அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கள் வாயில் அவர் எச்.எம். தாள்கள் ஒரு ராத்திரி அவர் அலமாரியில் இருந்துவிட்டு, மறுநாள் காலை ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களிடம் வரும். எதற்காக ஒரு ராத்திரி அங்கே தூங்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ப்ரொசீஜர் என்று பதில் வந்தது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தப் பருவத்தில் எனக்கு ஏழாம் வகுப்பு பி பிரிவு. நாற்பத்திரண்டு தாள்கள். நான் ஒவ்வொரு தாளாகத் திருத்துவதில்லை, ஒவ்வொரு கேள்வியாகத் திருத்துவேன். நாற்பத்திரண்டு பேரின் முதல் கேள்வி, பிறகு நாற்பத்திரண்டு பேரின் இரண்டாவது கேள்வி. அப்படிச் செய்தால்தான் எல்லோருக்கும் ஒரே தராசு. கையும் சீக்கிரம் பழகிவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அல்சூர் வீட்டில், சாப்பாட்டு மேஜையில் பாதியை ஆக்கிரமித்துக்கொண்டு, பதினாலாவது கேள்விக்கு வந்து சேர்ந்தேன்.

பதினாலாவது கேள்வி கடிதம். இரண்டு நாள் விடுப்புக் கேட்டுத் தலைமை ஆசிரியைக்குக் கடிதம் எழுத வேண்டும். யார் தாள் என்று தெரியாமல் இருப்பதற்காகக் கேள்வியிலேயே ஒரு பெயரும் ஒரு முகவரியும் கொடுத்திருந்தோம். அதைத்தான் எல்லோரும் பயன்படுத்த வேண்டும். ஐந்து மதிப்பெண். முகவரிக்கு அரை, தேதிக்கு அரை, யாருக்கு என்பதற்கு அரை, விளிப்புக்கு அரை, கடைசியில் பணிவுடன் முடிப்பதற்கு அரை. மீதி இரண்டரை நடுவில் உள்ள சமாசாரத்துக்கு.

அந்தச் சமாசாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். கைடு புத்தகத்தில் காய்ச்சல்தான் இருக்கிறது. கொஞ்சம் துணிச்சல்காரர்கள் அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். ஒரே அக்காவை இரண்டு வருஷத்தில் மூன்று முறை கட்டிக்கொடுத்த பையன் ஒருவன் இருந்தான். ஆறாம் வகுப்பில் இறந்துபோன பெரியப்பா ஏழாம் வகுப்பில் மறுபடியும் இறப்பார். நான் கண்டுகொள்வதில்லை. நான் பரிசோதிப்பது கடிதத்தை, அவர்கள் குடும்பத்தை அல்ல.

இந்தக் காய்ச்சல்களுக்கும் கல்யாணங்களுக்கும் நடுவில் ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை என் அம்மாவுக்கு ஆபரேஷன், அப்பா ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருப்பார், என் தங்கைக்கு மூன்று வயது, அவள் வேறு யார் கையாலும் சாப்பிட மாட்டாள், அதனால் வியாழனும் வெள்ளியும் நான் வீட்டில் இருக்க வேண்டும், கணக்கையும் அறிவியலையும் வீட்டிலேயே படித்துக்கொள்வேன், தயவுசெய்து அனுமதி தாருங்கள். இங்கிலீஷ் அங்கங்கே நொண்டியது. ஆனாலும் எனக்குப் படிக்கப் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை, கேள்வியில் கொடுத்த பெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரையும் சொந்த முகவரியையும் எழுதியிருந்தாள். அதற்காக அரை மதிப்பெண் வெட்டினேன். ஐந்துக்கு நாலரை. சொந்தப் பெயர் இருந்ததால் யார் தாள் என்றும் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காரணம் இருந்தது. அந்தப் பெண் ஜூன் மாதம்தான் எங்கள் பள்ளிக்கு வந்தாள். தருமபுரிப் பக்கம், தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. அப்பா இங்கே கம்பெனி கேப் ஓட்டுகிறார். அம்மா ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் சமையல். சேர்க்கையின்போது அவளுக்கு இங்கிலீஷ் டெஸ்ட் வைத்தவள் நான். எழுத வராது, படிக்கத் திணறுவாள், ஆனால் கேட்டதை முழுக்க உள்ளே வாங்கிக்கொள்ளும் கண்கள். ஆறாம் வகுப்பில் போடலாம் என்றார்கள். அவள் வயதுக்கும் உயரத்துக்கும் ஆறாவதில் உட்கார்ந்தால் கூனிக் குறுகிப் போவாள் என்று எனக்குத் தோன்றியது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து ஏழாவதில் சேர்க்க வைத்தேன். எச்.எம். ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. முதல் பருவத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்றில் போனாலும் தசரா விடுமுறை முடிந்ததும் ஆறாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். அவளுக்கும் அது தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை நாலே மாதத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதினால் எந்த டீச்சருக்குத்தான் தலை கால் புரியும்? என் பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது. அதை இப்போது எந்தச் சாக்கும் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை கணக்குத் தேர்வுக்கு அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை அறிவியலுக்கும் வரவில்லை. வெள்ளி மதியம் ஸ்டாஃப் ரூமில் வகுப்பாசிரியை என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். லீவ் லெட்டர் இல்லை, போன் இல்லை, அப்பாவின் நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். எங்கள் பள்ளியில் இதற்கும் ஒரு ப்ரொசீஜர் உண்டு. முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தால் மறுதேர்வு. கொடுக்காவிட்டால் பூஜ்யம். இரண்டு பூஜ்யம் என்றால் அவளுக்கு ஆறாம் வகுப்பு.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது ஒன்றும் அதிசயமில்லை, அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குரல் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். ஆனால் இந்தக் கோபம் வேறு. வாக்குக் கொடுத்து ஏமாந்த கோபம். பயந்துபோய்த் தேர்வுக்கு மட்டம் போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கணக்கு அவளுக்குக் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிதம் என் நினைவுக்கு வரவே இல்லை. நாற்பத்திரண்டு கடிதங்களில் அது ஒன்று. அதற்குப் பிறகு பதினைந்தாவது கேள்வி, பதினாறாவது கேள்வி என்று என் பேனா போய்க்கொண்டே இருந்துவிட்டது.

சனிக்கிழமை இங்கிலீஷ் வாய்மொழித் தேர்வு. லைப்ரரி மூலையில் ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, தலைக்கு நான்கு நிமிடம். மற்றவர்கள் வெளியே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, எனக்குப் பிடித்த விளையாட்டு, எனக்குப் பிடித்த பண்டிகை என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். அவள் முறை வந்தது. உள்ளே வந்து நின்றாள். பின்னல் சரியாக இல்லை, ரிப்பன் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு நாள் ஏன் வரவில்லை என்று இங்கிலீஷில் கேட்டேன். லீவ் லெட்டர் கொடுத்தேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். யாரிடம் என்று கேட்டேன். உங்களிடம் என்றாள். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வராமல் இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பொய் சொன்னால் பொறுக்க மாட்டேன், உனக்காக எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன் தெரியுமா என்று ஆரம்பித்து என்னென்னவோ சொல்லிவிட்டேன். வராந்தாவில் முணுமுணுப்பு நின்றுபோனது. அவள் அழவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, மிக மெல்லிய குரலில், தேர்வில் விடை சொல்வதைப் போலச் சொன்னாள்.

"கொஸ்டின் நம்பர் ஃபோர்ட்டீன், மிஸ்."

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு தங்கை நினைவுக்கு வந்தாள். வேறு யார் கையாலும் சாப்பிடாத தங்கை.

விடைத்தாள் கட்டு என் பையிலேயே இருந்தது. நூலை அவிழ்க்கப் போய் முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டேன். அவள்தான் குனிந்து அவிழ்த்துக் கொடுத்தாள். அவள் தாளை எடுத்துப் பதினாலாவது கேள்விக்குப் புரட்டினேன். சொந்தப் பெயர். சொந்த முகவரி. திங்கட்கிழமைத் தேதி. எங்கள் எச்.எம்.முக்கு, எங்கள் பள்ளிக்கு. எதிலும் பொய் இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் என் நாலரை. அதற்குக் கீழே என் கையெழுத்திலேயே இரண்டு சொற்கள்: குட் இமாஜினேஷன்.

என்னால் இங்கிலீஷில் பேச முடியவில்லை.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவள் கண்கள் விரிந்தன. "மிஸ், உங்களுக்குத் தமிழ் வருமா?"

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பள்ளிக்குள் இங்கிலீஷ் மட்டும்தான் என்பது விதி. கன்னட டீச்சர்கள் கன்னடப் பிள்ளைகளிடம் ஓரத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிடுவார்கள். நான் மட்டும் விதியைப் பிடித்துத் தொங்கினேன். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. ஜூன் மாதம் முதல் வாரம் இவள் என்னிடம் வந்து தமிழில் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். இங்கிலீஷ் ப்ளீஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்ன கேட்க வந்தாள் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழ் பேசவே இல்லை. மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது என்று நாலு மாதம் நம்பியிருக்கிறாள்.

உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு நிறுத்தாமல் பேசினாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ரொம்ப நாளாக வலி, ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதான் தேதி கொடுத்தார்கள். ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா தமிழில் எழுதிக் கொடுத்த கடிதத்தை, இங்கிலீஷில்தான் வேண்டும் என்று பள்ளியில் திருப்பிவிட்டார்கள். வீட்டில் இங்கிலீஷ் இலாகா முழுக்க இவள் கையில். அம்மாவின் தேதி தெரிந்த நாளிலிருந்து கடிதத்தை எப்படி எழுதுவது என்றே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். திங்கட்கிழமை கேள்வித்தாளைத் திருப்பினால் அதே கடிதத்தைப் பள்ளியே கேட்கிறது. இரண்டு நாள் விடுப்பு, எச்.எம்.முக்கு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். கொடுத்திருந்த பெயரில் எழுதினால் லீவ் வேறு யாருக்கோ போய்விடும் என்று சொந்தப் பெயரை எழுதியிருக்கிறாள். மணி அடித்ததும் நான் கட்டை எடுத்துக்கொண்டு போய் எச்.எம். அறையில் வைத்ததை வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று நாள் யாரும் கூப்பிட்டு முடியாது என்று சொல்லவில்லை. அப்படியென்றால் சரி என்றுதானே அர்த்தம்.

"ஆட்டோ ஏறும்போது அம்மா அது ஒண்ணுதான் மிஸ் கேட்டாங்க. ஸ்கூல்ல சொல்லிட்டியான்னு. இங்கிலீஷ்லயே எழுதிக் குடுத்துட்டேம்மான்னேன். அப்ப சரின்னு சிரிச்சிட்டுப் போனாங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. அம்மா திங்கட்கிழமை வீட்டுக்கு வருவார். இன்று தங்கையை அப்பா பார்த்துக்கொள்கிறார், ஆனால் மத்தியானம் இவள் போய்த்தான் ஊட்ட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, என் முன்னால் விரித்திருந்த தாளைத் தலைகீழாக எட்டிப் பார்த்தாள். நான் கையால் மறைப்பதற்குள் படித்துவிட்டாள்.

"இமாஜினேஷன்னா என்ன மிஸ்?"

மழுப்பியிருக்கலாம். மழுப்ப மனம் வரவில்லை. நடக்காத ஒன்றை நடந்த மாதிரி எழுதுவது என்று சொன்னேன். அவள் யோசித்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவளோ என்னைத் தேற்ற ஆரம்பித்தாள்.

"பரவால்ல மிஸ். நாப்பத்திரெண்டு பேருது இருக்குல்ல. எத்தனைதான் நெஜமான்னு பாப்பீங்க."

பன்னிரண்டு வயது. அம்மாவை அனுப்பிவைத்து, தங்கைக்கு ஊட்டி, கடைசியில் டீச்சரையும் சமாதானப்படுத்துகிறாள். கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையாவது உள்ளே வந்திருந்தால் என் மானம் போயிருக்கும். வராந்தாவில் இருந்தவர்களைப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவளையும் தாளையும் கூட்டிக்கொண்டு எச்.எம். அறைக்குப் போனேன்.

எங்கள் எச்.எம். மைசூர்க்காரர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். விதிப் புத்தகம் முழுக்க அவர் தலையில் இருக்கிறது. நான் நடந்ததைச் சொன்னதும், விடைத்தாள் விடைத்தாள்தான், அது கடிதம் ஆகாது என்று எதிர்பார்த்ததையே சொன்னார். நான் விடவில்லை. கடிதம் உங்கள் பெயருக்கு இருக்கிறது, திங்கட்கிழமைத் தேதி இருக்கிறது, அன்றே உங்கள் அறைக்கு வந்து உங்கள் அலமாரியில் ஒரு ராத்திரி இருந்திருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்ததற்கு உங்கள் ரெஜிஸ்டரே சாட்சி என்றேன். குரல் கொஞ்சம் மர்பி டவுன் பக்கம் போய்விட்டது என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு, அரை மதிப்பெண்ணை எதற்கு வெட்டினீர்கள் என்று கேட்டார்.

சொந்தப் பெயரை எழுதியதற்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவ்வளவு அவமானமாக நான் எந்தப் பதிலையும் சொன்னதில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். வாசலில் நின்ற பெண்ணை உள்ளே கூப்பிட்டு, "அம்மா ஹேகித்தாரே?" என்று கன்னடத்தில் கேட்டார். அவள் கன்னடத்திலேயே, "சென்னாகித்தாரே மேடம்," என்று சொன்னாள். நன்றாக இருக்கிறார்கள் என்று. நாலு மாதத்தில் அதையும் எங்கிருந்தோ பொறுக்கி வைத்திருக்கிறாள். தங்கையின் பெயர் என்ன என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்த பிறகு யார் சமைப்பார்கள் என்று கேட்டார். அப்புறம் என்னிடம் திரும்பி, கணக்குக்குத் திங்கட்கிழமை, அறிவியலுக்குச் செவ்வாய்க்கிழமை மறுதேர்வு வைத்துவிடலாம் என்றார். புதன்கிழமை தசரா விடுமுறை தொடங்குகிறது. ஆனால் ஃபைலில் வைக்க அவருக்குக் கடிதம் வேண்டும். விடைத்தாளைக் கிழித்து ஃபைலில் வைக்க முடியாது. ஆகவே அதே கடிதத்தை விடைத்தாளைப் பார்த்து ஒரு வெள்ளைத் தாளில் அவளையே எழுதித் தரச் சொன்னார். ப்ரொசீஜர்.

அவள் அந்த இரண்டு தேர்வையும் எழுதினாள், இரண்டிலும் தேறினாள், ஏழாவதிலேயே இருக்கிறாள். கணக்கில் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் தேறினாள், அது வேறு விஷயம். ஆனால் என் நினைவில் திரும்பத் திரும்ப வருவது அந்தச் சனிக்கிழமைதான். எச்.எம். மேஜையின் ஓரத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். என் பேனாவைக் கொடுத்தேன். விடைத்தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அதற்கு முன் என் சிவப்பு மையில் இருந்த அந்த இரண்டு சொற்களையும் அழுத்தி அடித்துவிட்டேன். நாலரையையும் அடித்து ஐந்து போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினாள்.

வெள்ளைத் தாளில் தன் பெயரை எழுதினாள். முகவரியை எழுதினாள், பி.ஜி. ஹாஸ்டலுக்குப் பின்னால் என்பது உட்பட. அதற்குக் கீழே பேனாவை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எச்.எம். காதில் விழக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"தேதி இன்னைக்குப் போடட்டுமா மிஸ், அன்னைக்குப் போடட்டுமா?"

எச்.எம். தலை நிமிராமல் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் புரியும் என்று எனக்குத் தெரியும். அவர் அடுத்த தாளைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்குத் தேதியே போடு," என்றேன். "நீ அன்னைக்கே குடுத்துட்ட."

திங்கட்கிழமைத் தேதியை எழுதினாள்.